குடலின் உட்சுவரும் கிணற்று நீரும்



சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்து பாடசாலை மீண்டும் திறந்த நாளில், பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் என்னை வழிமறித்து ஒரு கேள்வி கேட்டான். அவன் சொன்னவாறே சொல்கிறேன். "கனடாவில இருந்து வந்த என்ரை பெரியப்பான்ரை மகன் எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிச்சு மூண்டாம் நாளே படுத்திட்டான், சேர். அதே தண்ணியைத்தான் நான் பிறந்த நாள் தொட்டுக் குடிக்கிறன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை. அப்ப என்ரை குடல்தானே பலமான குடல்?"

நான் கலைப்பட்டதாரி, வரலாறும் தமிழும் கற்றவன். அதிபர் கதிரையில் இருப்பவர் எல்லாம் அறிந்தவர் என்று மாணவர் நம்புவது அக்கதிரையின் இடர்களுள் ஒன்று. நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறித் தப்பினேன். அந்த நாளை வருவதற்கு இரண்டு மாதமாயிற்று. எமது விஞ்ஞான ஆசிரியர் தந்த நூல்களையும், என்னோடு படித்து வைத்தியரான நண்பர் ஒருவர் அனுப்பிய கட்டுரைகளையும் பொறுமையாகப் படித்த பின்னரே, அவனுக்கு என்ன சொல்வது என்பது எனக்குத் தெளிவாயிற்று. அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலிற் குடலின் உட்சுவர் எத்தகையது என்று பார்ப்போம். நாம் உண்ட உணவு இரைப்பையைக் கடந்து சிறுகுடலுள் நுழைகிறது. அக்குடலின் உட்புறத்தைப் போர்த்திருப்பது ஒரேயொரு வரிசைக் கலங்களாலான மேலணி. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. இந்த மெல்லிய போர்வைக்கு அப்பால் இரத்தமும், இப்பால் நாம் உண்ட சோறும் கறியும் எண்ணிறந்த நுண்ணுயிர்களும் இருக்கின்றன. உடலின் உள்ளையும் வெளியையும் பிரிக்கும் வேலி இதுவே. ஆனால் சத்து உள்ளே போகவும் வேண்டும். நஞ்சும் கிருமியும் போகவும் கூடாது. வேலியும் படலையும் ஒன்றேயாக அமைந்த விந்தை என்று இதனைச் சொல்லலாம்.

இப்போர்வை சமதளமாக விரிக்கப்பட்டதன்று. விரல்களைப் போன்ற சடைமுளைகள் நெருங்கி நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் உயரம் அல்லது அதனிலும் குறைவு. இவற்றினடியிற் சிறு குழிகள் உள்ளன. யோகான் இலீபர்கூன் என்னும் செர்மானிய வைத்தியர் 1745ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தமையால் இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. குடலை முழுவதும் விரித்தால் ஒரு தெனிசு மைதானத்தை மூடும் என்று பழைய பாடநூல்கள் கூறும். நானும் மாணவனாயிருந்த காலத்தில் அவ்வாறே மனனஞ் செய்தேன். 2014ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மீண்டும் அளந்து பார்த்தபோது அது ஏறத்தாழ முப்பத்திரண்டு சதுர மீற்றர் என்றே கண்டனர். பாதிப் பட்மின்ரன் மைதானத்துக்கும் சற்றுக் குறைவு. அதுவும் ஒரு மனித வயிற்றுக்குள் அடங்கியிருப்பது வியப்புத்தான்.

இவ்விடத்திற் பனையை நினைவுகூர்வது பொருத்தமாகும். பனைக்கு உச்சியில் ஒரேயொரு குருத்து. அதிலிருந்து புதிய ஓலை பிறக்கப் பிறக்க, முந்தியது விலகி, முதிர்ந்து, காவோலையாகி விழும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது எம்மூர்ப் பழமொழி. குடலிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: குடலிற் குருத்து இருப்பது உச்சியிலன்று, குழியின் அடியில். அங்கேயுள்ள மூலக்கலங்கள் ஓயாது பிரிகின்றன. பிறந்த கலங்கள் சடைமுளையின் சுவரில் மேல்நோக்கி நகர்ந்து, போகும் வழியிலேயே தத்தம் தொழிலைக் கற்று, நுனியை அடைந்ததும் உதிர்ந்துபோகின்றன. இப்பயணம் முழுவதற்கும் எடுக்கும் காலம் மூன்று முதல் ஐந்து நாள். கனடாவிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் இலெபிளோன் என்னும் பேராசிரியர் 1940களில் இதனை எலிகளிற் கணக்கிட்டுக் காட்டினார். சென்ற வெள்ளிக்கிழமை உங்கள் குடலில் இருந்த போர்வை இன்று இல்லை என்றே கொள்ளலாம்.

இத்துணை விரைவாகப் புதுப்பிக்கப்படும் ஒன்று, தன்னைச் சூழ்ந்துள்ளவற்றாற் பாதிக்கப்படாமல் இருக்க முடியுமா? கலம் பிரிவது அதன் சொந்த விருப்பத்தாலன்று. அது குடியிருக்கும் இடம் சொல்வதைக் கேட்டே பிரிகிறது. ஒல்லாந்து நாட்டில் கான்சு கிளேவர்சு என்பவரின் ஆய்வுகூடம் 2007ஆம் ஆண்டில் அம்மூலக்கலங்களை அடையாளங் கண்டது. இரண்டாண்டின் பின், அங்கு பணியாற்றிய யப்பானியரான தொசிரோ சாட்டோ, ஒரேயொரு மூலக்கலத்தை எடுத்து, கூழ் போன்ற ஒரு பொருளில் வைத்து, வேண்டிய வளர்ச்சிப் பதார்த்தங்களைச் சேர்த்து, குழியும் மேடுமாக அமைந்த ஒரு சிற்றுருக் குடலையே வளர்த்துக் காட்டினார். அப்பதார்த்தங்களை நிறுத்தினால் வளர்ச்சியும் நின்றுவிடும். உடலினுள்ளே அவற்றை ஊட்டுவோர் யார்? 1888இல் வியன்னாவின் யோசேப்பு பனேத்து என்பார் விவரித்த கலங்கள், குழியின் அடியில் மூலக்கலங்களுக்கிடையே செருகியாற்போல நிற்கின்றன. கிருமிகளைக் கொல்லும் காவற்காரராக மட்டுமே நெடுங்காலம் கருதப்பட்ட அக்கலங்கள், எலிக் குடலில் மூலக்கலங்களுக்குப் பாலூட்டும் செவிலியருமாவார் என்பது 2011இல் தெரியவந்தது. குழிக்கு வெளியே, மேலணியின் கீழுள்ள இழையத்துக் கலங்களும் 'இங்கே பிரி', 'இங்கே நிறுத்து' என்று இரசாயன மொழியிற் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அயலின் சொற்கேட்டு வளரும் பிள்ளை போலத்தான் இக்கலமும்.

அயல் என்றால் உட்புற அயல் மட்டுமன்று. குடலின் நடுவே ஓடும் உணவும் அயலே. நாட்கணக்கிற் பட்டினி கிடந்தால் சடைமுளைகள் குறுகும். நாளத்தின் வழியே மட்டும் உணவூட்டப்படும் நோயாளியின் உடலுக்குச் சத்துப் போய்ச் சேர்ந்தாலும் குடலின் மேலணி மெலியும்; உணவு தன்னைத் தொட்டுச் செல்லவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது போலும். பெருங்குடலின் கதை இன்னும் சுவையானது. நாம் உண்ட குரக்கன், கீரை, ஒடியற்கூழ் ஆகியவற்றில் எமக்குச் சமிபாடடையாத நார்ப்பகுதியைப் பெருங்குடலிலுள்ள பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூற்றிரிக்கமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் மேலணிக்கலங்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுவே என்பதை 1980இல் உரோடிகர் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். நாம் எச்சில் என்று ஒதுக்குவதை அங்கே ஒருவன் சமைத்து அயலவருக்குப் பரிமாறுகிறான்.

நுண்ணுயிர்களே இல்லாதிருந்தால் என்னாகும்? கிருமி தீண்டாத கூடுகளிற் பிறப்பித்து வளர்த்த சுண்டெலிகளை 1963ஆம் ஆண்டில் அமெரிக்கர் சோதித்தபோது, அவற்றின் குடற்கலங்கள் சாதாரண எலிகளின் கலங்களிலும் பார்க்க மெதுவாகவே மேலேறிப் புதுப்பிக்கப்பட்டன. ஆகவே எம்முள் வாழும் நுண்ணுயிர்களும் இக்கலங்களின் பிறப்பையும் இறப்பையும் முடுக்கிவிடுகின்றன. அளவாக இருக்கும்வரை அது நன்மையே. அளவு மீறினால் என்னாகும் என்பதற்கு விடை கிடைத்த இடங்களுள் முக்கியமானது, எமக்கு அண்மையிலுள்ள தமிழ்நாட்டு வேலூர்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் செல்வின் பேக்கர், மாதன் ஆகிய வைத்தியர்கள், சத்து உறிஞ்சப்படாது வயிற்றோட்டத்தால் மெலியும் ஒரு நோயை 1960களில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயில்லாத கிராமத்தவரின் குடலிலிருந்தும் மிகச் சிறு துணுக்குகளை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தனர். நோய் எதுவும் சொல்லாத அம்மக்களின் சடைமுளைகளும் விரல் வடிவில் இல்லை. அகன்று இலை போலவும், ஒன்றோடொன்று ஒட்டி வரம்பு போலவும் குறுகிக் கிடந்தன. தென்னிந்தியர் குடலே இப்படித்தானோ, இது குலத்தின் இயல்போ என்ற ஐயம் எழுவது இயற்கை. அதற்கும் அவர்களே விடை தேடினர். இறந்து பிறந்த சிசுக்களினதும் பிறந்தவுடன் இறந்த சிசுக்களினதும் குடலை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையில், அச்சிசுக்களின் சடைமுளைகள் விரல் வடிவிலேயே இருந்தன என்று எழுதினர். வேலூர்ப் பிள்ளையும் இலண்டன் பிள்ளையும் பிறக்கும்போது ஒரே குடலோடுதான் பிறக்கின்றன. வேறுபாடு பின்னர் வருகிறது.

இதே காலத்தில் இதன் மறுதலையும் நடந்தேறியது. கிழக்குப் பாகித்தானுக்கு, அதாவது இன்றைய வங்காளதேசத்துக்கு, அமெரிக்க அமைதிப்படைத் தொண்டராகச் சென்ற இளைஞர் பலரின் குடல் சில மாதங்களுக்குள்ளேயே அவ்வூரவரின் குடலைப் போல மாறிற்று என்று இலிண்டன்பவுமும் அவர்தம் குழுவினரும் 1966இல் எழுதினர். அத்தொண்டர்கள் தாயகம் திரும்பிய பின் அக்குடல் படிப்படியாகப் பழைய நிலைக்கு மீண்டதையும் 1971இல் அறிவித்தனர். ஊர் மாறக் குடலும் மாறியது. ஊர் திரும்பக் குடலும் திரும்பியது. அடிக்கடி நிகழும் கிருமித் தொற்றினால் நுனிக்கலங்கள் விரைந்து மடிகின்றன. அந்த இழப்பை ஈடுசெய்யக் குழிகள் ஆழமாகிக் கூடுதலாகக் கலங்களைப் பெற்றெடுக்கின்றன. அப்போதும் ஈடு கொடுக்க முடியாமற் சடைமுளை குறுகுகிறது. உறிஞ்சும் பரப்புச் சுருங்குகிறது. வேலியிலும் பொட்டுக்கள் விழுகின்றன. இதைச் சுற்றாடல்சார் குடற்கோளாறு என்று இக்காலத்து வைத்தியர் வழங்குவர். ஆபிரிக்காவிலுள்ள காம்பியாவில் 1991இல் வெளியான ஆய்வு, குழந்தைகளின் வளர்ச்சி தடைப்படுவதிற் பெரும் பங்கு இவ்வாறு குடல் பழுதாவதோடு தொடர்புடையது என்று கூறிற்று. வயிற்றோட்டம் இல்லாத நாளிலும் இது உள்ளே நடந்துகொண்டேயிருக்கும் என்பதுதான் கவலைக்குரியது.

என் மாணவனுக்கு நான் சொன்னது இதனையே. "தம்பி, அந்தத் தண்ணீரிலுள்ள கிருமிகளை உன் உடல் முன்பே அறிந்து வைத்திருக்கிறது, உன் சகோதரனின் உடல் அறியாது. அதனால் அவன் படுத்தான், நீ படுக்கவில்லை. அதற்குப் பெயர் பலமான குடல் அன்று. பழகிய குடல். பழகியதற்கு உன் குடல் என்ன விலை கொடுத்தது என்பதை எவரும் திறந்து பார்த்ததில்லை." வேலூரிற் கண்டது அப்படியே யாழ்ப்பாணத்திலும் உண்டு என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் எமது நிலத்தடி நீரைப்பற்றித் தெரிந்த செய்திகள் எவரையும் சிந்திக்க வைக்கும்.

குடாநாட்டில் ஆறில்லை, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்வது எமது பெருந்தன்மை. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கற்பாறையுள் தேங்கும் மழைநீரையே. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. இப்பாறை மணலைப்போல நீரை வடிகட்டித் தருவதன்று. வெடிப்பும் பொந்தும் குகையும் நிறைந்தது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே விழுவது விரைவாகவே கீழே சேரும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பதடி இருந்தாற் போதுமென்று வழக்கமாகச் சொல்வர். மண் தடித்த ஊரில் அது போதும். ஓரடி மண்ணின் கீழேயே பாறை தட்டும் ஊரில், குழியையும் கிணற்றையும் ஒரு வெடிப்பு இணைத்திருந்தால் ஐம்பதடியும் ஐந்தடியும் ஒன்றே. இரண்டு பரப்புக் காணி பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டு, ஒவ்வொரு பங்கிலும் ஒரு கிணறும் ஒரு குழியும் அமையும்போது அந்த ஐம்பதடிக்கும் இடமில்லாமற் போகிறது. நெருப்புக்காய்ச்சல் எம்மைவிட்டு நீங்காது நெடுங்காலம் இருந்ததற்கு இது ஒரு காரணம். அந்நோயின் கிருமியும் சிறுகுடலின் மேலணியை ஊடுருவியே உட்புகுகிறது.

இனி, தோட்டம். என் தந்தையார் பூவரசங்குழையும் ஆட்டெருவும் தாழ்த்தி வெங்காயம் வைத்த காலத்தை நான் சிறு பிள்ளையாகக் கண்டிருக்கிறேன். துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. குழையின் இடத்தை யூரியா பிடித்தது. பயிர் உண்டது போக எஞ்சிய நைத்திரசன், நைத்திரேற்றாக மாறி இறைத்த நீரோடும் மாரி மழையோடும் கீழிறங்குகிறது. மலசலகூடக் குழிகளும் அதனோடு தம் பங்கைச் சேர்க்கின்றன. குடிநீரில் ஒரு இலீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை தாண்டப்பட்டிருப்பதை 1980கள் தொட்டு ஆய்வாளர் காட்டி வந்துள்ளனர். அந்த எல்லை முதன்மையாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை எண்ணி வகுக்கப்பட்டது. அவர்களின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை நைத்திரேற்றுக் குறைத்துவிடும்.

வளர்ந்தோரிடத்தில் அதன் வழி வேறு. குடித்த நைத்திரேற்றின் ஒரு பகுதி உமிழ்நீரிற் சுரந்து மீண்டும் வாய்க்கு வருகிறது. நாவிலுள்ள பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக்குகின்றன. இரைப்பையின் அமிலத்தில் அது வேறு பொருள்களோடு சேர்ந்து, மேலணிக்கலங்களின் பரம்பரைப் பொருளையே தாக்கவல்ல சேர்வைகளை உண்டாக்கக்கூடும். அத்தகைய சூழ்நிலையில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றுப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதே எனச் சருவதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் வகைப்படுத்தியது. யாழ்ப்பாணத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதையும் கிணற்று நைத்திரேற்றையும் இணைத்து நோக்கியவர்களுள் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியற் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க ஒருவர். சிந்திக்கத்தக்க கருத்து அது. எனினும் வரலாறு படித்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சொல்வேன். ஒரே ஊரில் இரண்டு சேர்ந்திருப்பதனால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. அதே ஊரில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இருக்கின்றன. அவை வாயையும் உணவுக்குழாயையும் கெடுப்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை. புகையிலைச் சப்பலை வாயில் அடக்கிக்கொண்டு கிணற்றை மட்டும் குற்றஞ்சாட்டும் பெரியவர்களை நானறிவேன்.

கீரையிலும் நைத்திரேற்று உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் கீரையோடு கூடவே உயிர்ச்சத்துச் சீயும் வருகிறது. அது மேற்சொன்ன தீய சேர்வைகள் உண்டாவதைத் தடுக்கும். முருங்கையிலையும் நெல்லிக்காயும் தேசிக்காயும் இவ்வகையில் எமக்குத் துணை. கிணற்று நீரோடு அத்துணை வருவதில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறைய அது சற்றுச் செறிவடையவே செய்யும். இதை அறியாது, கொதித்தாறிய நீர் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நானும் காலைக்கூட்டத்திற் பலமுறை பேசியிருக்கிறேன். கொதிக்க வைப்பதை இதனால் எவரும் கைவிடலாகாது. குடலைத் தினந்தினம் அரிப்பது கிருமிதான். நைத்திரேற்றுக்குச் சவ்வூடு நீரைச் செலுத்தும் சுத்திகரிப்புப் பொறியோ, வேறிடத்து நீரோ தேவை. 2024ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் வடமராட்சி கிழக்குத் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் எட்டாத ஒழுங்கைகளில் இன்னும் கிணறே கதி.

நீரைத் திருத்தினால் மட்டும் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களா? வங்காளதேசம், கென்யா, சிம்பாபுவே ஆகிய நாடுகளில் நடந்த மூன்று பெரும் பரிசோதனைகளின் முடிவுகள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியாயின. குடிநீருக்குக் குளோரினும், வீட்டுக்கு எளிய மலசலகூடமும், கைகழுவும் வசதியும் கொடுத்துப் பார்த்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. மேலதிக உணவு கொடுத்த இடத்திற் சிறிதளவு கூடிற்று. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. அரைகுறைத் தூய்மை குடலுக்குப் போதாது, முற்றத்திலும் கோழிக்கூட்டிலும் கையிலும் எஞ்சிய கிருமியே அதனைக் கெடுக்கப் போதுமானது என்பதே அவ்வாய்வாளர் பலர் கொண்ட முடிவு.

இவையெல்லாம் எனக்கு வெறும் படிப்பாக இருக்கும்போதே எமது பாடசாலைக்குப் புதிய மலசலகூடத் தொகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. வரைபடத்திற் குழி அமையவிருந்த இடம் கிணற்றிலிருந்து ஐம்பத்திரண்டு அடி. விதிப்படி சரி என்றார்கள். முன்பாயின் நானும் ஒப்பமிட்டிருப்பேன். இம்முறை, நிலத்தைத் தோண்டிப் பார்த்த பின் ஒப்பமிடுகிறேன் என்றேன். இரண்டடியிற் பாறை, பாறையிற் கைவிரல் நுழையும் வெடிப்பு. அது கிணற்றுப் பக்கமாகவே சாய்ந்திருந்தது. குழியை வளவின் மறுகோடிக்கு மாற்றவேண்டும் என்று எழுதினேன். ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள்; பெற்றோர் சிலர், கிடைத்ததையும் அதிபர் கெடுக்கிறார் என்று என்மேற் குறைப்பட்டார்கள். ஐந்து மாதம் இழுபட்டது. அந்த ஐந்து மாதமும் மாணவியர் பட்ட இடர்ப்பாட்டுக்கு நான் பொறுப்பு என்பதை மறுக்கமாட்டேன். முடிவில் அடிப்பக்கமும் அடைத்த தொட்டியாக, மறுகோடியிற் கட்டினார்கள். கிணற்று நீரை இப்போது மாரிக்கு முன்னும் பின்னும் சோதனைக்கு அனுப்புகிறோம்.

மறுகோடியில் இருந்தது மாணவரின் கரப்பந்தாட்டத் திடல். அது போய்விட்டது. குடலைப்பற்றி என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் அக்குழுவின் தலைவன். திடலுக்கு எப்போது வேறு இடம் தருவீர்கள் என்று இப்போது வாரந்தோறும் கேட்கிறான்.